ஒன்பது ஐம்பதுக்கு ஒரு பிரதி

"செத்தே போச்சுங்களா மேடம்?"

"செத்தே போச்சு, குள்ளக்கா."

"நல்லாப் பாத்தீங்களா? சில நேரம் வெறும் மயக்கமா இருக்கும்."

"காலையில இருந்து அதைத்தான பாக்கறன். ஒரு லைட்டும் எரியல. வேணும்னா மோந்து பாருங்க."

குள்ளம்மாள் குனிந்து மோந்தாள். மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். "ஆமாங்க. பருப்பு அடிபுடிச்ச வாசன."

கணினி ஆய்வகத்தின் மூலையில், சுவரில் பொருத்திய இரும்புத் தட்டில் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டி, ஒரு சாப்பாட்டு டப்பாவைவிடப் பெரியதல்ல. முந்தின நாள் வெள்ளிக்கிழமை பிற்பகலில் இடித்த ஓர் இடி அதைக் கொண்டுபோயிருந்தது. மொரப்பூரிலிருந்து கம்பைநல்லூர் போகும் சாலையில் இருக்கிற அந்தப் பாலிடெக்னிக்கில் வேறெதற்கும் சேதமில்லை. ஆய்வகத்தின் தொண்ணூறு கணினிகளும் நன்றாகத்தான் இருந்தன.

"மத்ததெல்லாம்தான் ஓடுதே மேடம். இது ஒண்ணு இல்லாட்டி என்னாங்க?"

"இது ஃபயர்வால் அக்கா. வாச்மேன் மாதிரி. வெளிய இருந்து யாரு உள்ள வரலாம், உள்ள இருந்து யாரு வெளிய போலாம்னு அதுக்குத்தான் தெரியும். நாளைக்குப் பரீட்சைக் கேள்வி வர்றதே இது வழியாத்தான். வேற வழியில வுட மாட்டாங்க."

"அலமாரியில இதே மாதிரி இன்னொண்ணு இருக்குதுங்களே. நான்தான தூசு தட்டறன்."

"அதையும் எடுத்து மாட்டிட்டன். அது புது வாச்மேன். ஒருத்தரையும் தெரியாது. பழையவன் எழுதி வெச்சிருந்த நோட்டு இவன்கிட்ட இல்ல."

"நோட்ட எங்க வெச்சானாம் செத்தவன்?"

"வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டுச் செத்துட்டான்."

குள்ளம்மாள் சிரித்துவிட்டாள். ராதிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வருடமாக இந்த ஆய்வகத்தின் பொறுப்பு ராதிகாவுடையது. சாவிக்கொத்து மட்டும் இருபத்தொரு வருடமாகக் குள்ளம்மாள் இடுப்பில். காலையில் திறப்பதும் பெருக்குவதும் வரிசை வரிசையாகச் சுவிட்சைப் போடுவதும் மாலையில் அணைத்துப் பூட்டுவதும் அவள்தான். கல்லூரியில் எல்லோருக்கும் அவள் குள்ளக்கா.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, செவிலியர் வேலைக்கான கணினித் தேர்வு. அதற்கு முன்பெல்லாம் இந்தப் பக்கத்துப் பெண்கள் சேலத்துக்குத்தான் போக வேண்டும். ராதிகா மனுமேல் மனு எழுதி, போன வருடம்தான் இங்கே ஒரு மையம் கிடைத்தது. எண்பத்து நான்கு பேர் வரவேண்டியிருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தான் முனிராஜ். தேர்வு நடத்தும் நிறுவனத்திலிருந்து சரிபார்க்க வந்தவன். "மேடம், நான் உங்களுக்கு விரோதி இல்லீங்க" என்று மூன்றாவது முறையாகச் சொன்னான்.

"தெரியுதுங்க சார்."

"நாலு மணிக்கு நான் இதுல பச்சை போடணும். இல்லாட்டி சிகப்பு. சிகப்பு போட்டா எண்பத்து நாலு பேருக்கும் சேலம் சென்டர்னு மெசேஜ் போயிரும். அது என் கையில இல்ல."

"புதுப் பெட்டியில எல்லாத்தையும் நானே திரும்ப அடிச்சுடறன். நானூறு வரி இருக்குமா? அடிச்சுடறன்."

"வரிய அடிச்சுருவீங்க. உங்க பெட்டிக்கும் எங்க ஆபீஸுக்கும் நடுவுல ஒரு ரகசியச் சாவி குடுத்தமே போன வருஷம், அது எங்கியாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"எழுதி வெக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னம்." முனிராஜ் தலையைச் சொறிந்தான். "புதுசா வாங்கணும்னா ரெண்டு நாளு ஆவுங்க."

அப்போது அலுவலகத் தொலைபேசி அடித்தது. ராதிகா எடுத்தாள்.

"மொரப்பூர் பாலிடெக்னிக்குங்களா? நான் சித்தேரி மலையில இருந்து பேசறங்க. பேரு தேவிப்பிரியா. நாளைக்குப் பரீட்சை எழுத வரன்."

"சொல்லும்மா."

"கைக்கொழந்த இருக்குதுங்க. ஏழு மாசம். மாமியாரு கூட வராங்க, பாத்துக்குவாங்க. வெளிய உக்கார நெழலு இருக்குதுங்களா?"

"இருக்குது. புங்க மரம் இருக்குது."

"இன்னொண்ணு மேடம். சென்டர மாத்திட மாட்டீங்கல்ல? போன தடவ சேலம் போட்டாங்க. அரூர் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸு புடிச்சுப் போறதுக்குள்ள கேட்டச் சாத்திட்டாங்க. இந்த வருசத்தோட எனக்கு வயசு முடியுது. அதான் ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு."

ராதிகா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டே முக்கால். "வாம்மா. இங்கதான். வா" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"வான்னு சொல்லிட்டீங்க" என்றான் முனிராஜ்.

"சொல்லிட்டன்."

"எப்பிடிங்க மேடம்?"

ராதிகா மேசைக்கு அடியில் குனிந்தாள். அங்கே தூசி படியாத ஒரு பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"இது ஜெயபால் வெச்சுட்டுப் போனது சார். எங்க நெட்வொர்க் பையன். இப்ப ஓசூர்ல ஒரு கம்பெனியில இருக்கான். எஃப்.டி.பி. சர்வர்னு சொல்லுவான். மத்த மெஷினுங்க தன்னோட ஃபைல இதுக்கு அனுப்பி வெச்சுக்கலாம். ஃபயர்வால் தெனமும் தன் செட்டிங் எல்லாத்தையும் ஒரு பிரதி எடுத்து, தானா இதுக்கு அனுப்பற மாதிரி பண்ணியிருக்கன்னு சொன்னான்."

"அப்ப இத மொதல்லியே சொல்லக் கூடாதுங்களா! நேத்து வந்த பிரதியப் புதுப் பெட்டியில ஏத்துனா சாவியும் சேந்து வந்துருமே."

முதலிலேயே ராதிகாவுக்கு இது ஞாபகம் வராததற்கு ஒரு காரணம் இருந்தது. ஜெயபால் இந்தப் பழைய கணினியை வைத்தபோது ஆசிரியர் அறையில் அதற்கு 'ஜெயபால் குப்பத்தொட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். சிரித்தவர்களில் ராதிகாவும் உண்டு.

திரையை இணைத்து, உள்ளே போனாள். வருகைப் பதிவு என்று ஒரு போல்டர். விளையாட்டு விழாப் படங்கள். குள்ளக்கா என்று ஒன்று; ரேஷன் கார்டு, ஆதார் என்று யார் யாருக்கோ நகல் எடுத்துக் கொடுப்பான் ஜெயபால், அதுவாக இருக்கும், அடுத்தவர் பொருளைத் திறப்பானேன் என்று தாண்டினாள். அப்புறம் இரவு பேக்கப் என்று ஒன்று. "இதுதான்" என்று திறந்தாள்.

உள்ளே மூன்றே கோப்புகள். மூன்றும் இரண்டு வருடத்துக்கு முந்தின ஆகஸ்ட் முதல் வாரத்தவை.

"சார், அப்ப நாங்க தேர்வு மையமே இல்ல. இதுல உங்க சாவி இருக்காது."

"தெனமும் வரும்னீங்க?"

ராதிகா நிமிர்ந்தாள். சுவிட்சுப் பலகையைப் பார்த்தாள். அதன் பிறகு குள்ளம்மாளைப் பார்த்தாள்.

"குள்ளக்கா, சாயங்காலம் போறப்ப இந்தக் கீழ இருக்கற கம்ப்யூட்டர..."

"அணைச்சுருவங்க."

"தெனமுமா?"

"தெனமும். ஒரு நாளு வுட்டதில்ல." குள்ளம்மாள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

"ராத்திரி ஒண்ணரைக்கு அந்தப் பெட்டி நோட்ட அனுப்பும். வாங்கி வெக்க ஒரு ஆளு முழிச்சிருக்கணும்ல? நீங்க அஞ்சரைக்கே இதைத் தூங்க வெச்சுட்டுப் போயிட்டீங்க. ரெண்டு வருசமா அது வந்து கதவத் தட்டிட்டுத் தட்டிட்டுத் திரும்பிப் போயிருக்குது."

"அப்ப இந்த மூணு மட்டும் எப்பிடிங்க வந்துச்சு?" என்றான் முனிராஜ், தேதியைப் படித்துக்கொண்டே.

குள்ளம்மாளும் தேதியைக் கேட்டுவிட்டு விரல் மடக்கினாள். "ஆடி மாசம்ங்க. எங்க ஊரு மாரியாயி பண்டிக. மூணு நாளு லீவு போட்டன்."

ஜெயபால் இந்தக் கணினியை வைத்து ஓடவிட்டது அந்த வாரம்தான். அவள் வராத மூன்று நாளும் அணைக்க ஆளில்லை. அதனால் அந்த மூன்று இரவும் பிரதி வந்து சேர்ந்திருக்கிறது. பண்டிகை முடிந்து அவள் திரும்பி வந்தாள்; பிரதி நின்றுபோயிற்று.

"ஒரு கம்ப்யூட்டரோட கரண்ட மிச்சம் புடிக்கறன்னு எண்பத்து நாலு பேரு பொழப்ப அணைச்சுட்டீங்களே அக்கா" என்றாள் ராதிகா.

குள்ளம்மாளின் முகம் சின்னதாகிவிட்டது. வெளியே போனாள். சற்று நேரத்தில் தாழ்வாரத்தில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. காலையிலேயே பெருக்கிய தாழ்வாரம் அது.

முனிராஜ் டேப்லெட்டைத் துடைத்தான். பிறகு, பேச்சை மாற்றுகிறவனைப் போல, "ஒரு சந்தேகம் மேடம். இத்தனை பெரிய இடி. மத்த தொண்ணூறு கம்ப்யூட்டரும் எப்பிடித் தப்பிச்சுது?" என்றான்.

"வானம் கறுத்தாலே குள்ளக்கா ஓடியாந்து எல்லாப் பிளக்கையும் புடுங்கிருவாங்க."

"இதை மட்டும் ஏன் புடுங்கல?"

ராதிகா அந்த இரும்புத் தட்டைப் பார்த்தாள். சுவிட்சின் மேல் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. போன திங்கட்கிழமை அவளே தடிப் பேனாவால் எழுதி ஒட்டியது. 'பரீட்சை முடியும் வரை இதை யாரும் தொடக் கூடாது. ராதிகா.'

அவள் எழுந்து தாழ்வாரத்துக்குப் போனாள்.

"குள்ளக்கா."

"சொல்லுங்க மேடம்." விளக்குமாறு நிற்கவில்லை.

"நேத்து இடி இடிக்கறப்ப அந்தப் பெட்டிகிட்டப் போனீங்களா?"

"போனங்க. கைய வெச்சுட்டு எடுத்துட்டன். நீங்கதான் எழுதி ஒட்டியிருந்தீங்களே."

"நான் சொன்னது தப்புங்க அக்கா. இப்ப உள்ள சொன்னதும் தப்பு. எழுதி ஒட்டுனதும் தப்பு."

"அட, வுடுங்க. பரீட்சைப் பயத்துல பேசறதுதான." குள்ளம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். "ஜெயபாலும் இதே கேள்விய ஒரு நாளு கேட்டான். ஆனா அவன் பக்கத்துல உக்காந்து கேட்டான்."

"எந்தக் கேள்வி?"

"எதுக்குக்கா தெனமும் இதை அணைக்கறீங்கன்னு. அந்த ஆடிப் பண்டிக முடிஞ்சு வந்த வாரம்தான். நான் சொன்னன். நான் வேலைக்குச் சேந்த புதுசுல இதே ரூமுல ஒரு ஸ்டெபிலைசர அணைக்காம வுட்டுட்டுப் போயிட்டாங்க. ஞாயித்துக்கெழம அது புகைஞ்சு ஜன்னல் தெரச்சீலையில தீப் புடிச்சு, சாவி என்கிட்ட இருந்ததால என்னைத்தான் கூப்புட்டாங்க. நானும் வாச்மேனு வேடியப்பனும் மண்ண வாரி வாரிப் போட்டு அணைச்சம். பாருங்க." முழங்கைக்கு மேல் சேலையை ஒதுக்கினாள். தோல் சுருங்கிய ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. "அதுல இருந்து எதையும் எரிய வுட்டுட்டு வூட்டுக்குப் போனா எனக்குச் சோறு எறங்காது."

ஒன்பது வருடத்தில் ராதிகா அந்தத் தழும்பைப் பார்த்திருக்கிறாள். அடுப்பில் சுட்டதாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"அதுக்கு ஜெயபால் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. காலையில எத்தன மணிக்கு இதை வெப்பீங்கன்னு கேட்டான். பெருக்கி முடிச்சு, ஒவ்வொரு வரிசையாப் போட்டுட்டு வருவன், கடேசியா இது, ஒம்பதரைக்குள்ள வெச்சுருவன், அப்பறம் டீ குடிக்கப் போயிருவன்னு சொன்னன். பேனாவால கையில எழுதிக்கிட்டான். சிரிச்சுட்டே போனான்."

"கையில எழுதிக்கிட்டானா?"

"உள்ளங்கையில."

ராதிகா கைபேசியை எடுத்தாள். ஜெயபாலின் பெயரைத் தொட்டதும் திரையில் கடைசியாக வந்த செய்தி தெரிந்தது. 'இனிய பொங்கல் வாழ்த்துகள் மேடம்.' கீழே ஒரு கரும்புப் படம். அவள் பதில் போட்டிருக்கவில்லை. இப்போது மே மாதம். அவன் வேலையை விட்டுப் போன நாளில்கூட, உள்மதிப்பீட்டு மதிப்பெண் ஏற்றிக்கொண்டிருந்தவள், தலையை மட்டும் ஆட்டி அனுப்பியிருந்தாள்.

அழைத்தாள். மணி அடித்து நின்றது. மறுபடியும் அழைத்தாள்.

"கம்பெனியில போனைப் பொட்டியில வெச்சுப் பூட்டிட்டுத்தான் உள்ள வுடுவாங்களாம் மேடம்" என்றாள் குள்ளம்மாள். "டீக்கு வுடறப்பத்தான் எடுப்பான். ரெண்டரைக்கு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மாசம் ஒருக்கா பேசுவானுங்க. ரெண்டரைக்குத்தான் பேசுவான்."

ஒன்றே முக்காலில் இருந்து இரண்டரை வரை ராதிகா புதுப் பெட்டியில் ஞாபகத்திலிருந்து வரிகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வரிகூட வரவில்லை. முனிராஜ் தன் தலைமை அலுவலகத்துக்கு மூன்று முறை பேசினான். மூன்று முறையும் "சரிங்க சார், சரிங்க சார்" என்றே முடித்தான். குள்ளம்மாள் மூவருக்கும் எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து கொண்டுவந்து வைத்துவிட்டு, கைபேசியைப் பார்த்தபடி நின்றாள்.

இரண்டு முப்பத்து நான்குக்கு அது அடித்தது.

"மேடம்! நீங்களா? ரெண்டு மிஸ்டு கால். யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல ஜெயபால். ஃபயர்வால் போயிருச்சு. இடி. நாளைக்குப் பரீட்சை. இரவு பேக்கப் போல்டர்ல மூணு ஃபைல்தான் இருக்குது."

"அதை வுடுங்க மேடம், அது பழசு. குள்ளக்கான்னு ஒரு போல்டர் இருக்கும் பாருங்க."

ராதிகாவின் கை நின்றது. "அது அவங்க ரேஷன் கார்டுன்னு நெனச்சன்."

"ஐயோ! தெறங்க மேடம்."

திறந்தாள். திரை நிறையக் கோப்புகள். கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி, பக்கத்தில் நேரம். நேரம் எல்லாவற்றிலும் ஒன்றே: காலை ஒன்பது ஐம்பது. கடைசிக் கோப்பு நேற்றைய வெள்ளிக்கிழமையுடையது. இடி விழுவதற்கு ஐந்தே முக்கால் மணி நேரம் முந்தியது.

"இருக்குது" என்றாள். "ஜெயபால், இருக்குதுப்பா. நேத்து வரைக்கும் இருக்குது."

"இருக்கும் மேடம். ராத்திரி ஒண்ணரைன்னு வெச்சது நான். புஸ்தகத்துல அப்பிடித்தான் போட்டிருந்துச்சு. குள்ளக்கா அணைக்கறாங்கன்னு தெரிஞ்சப்ப மொதல்ல நானும் அணைக்காதீங்கன்னு ஒரு பேப்பர் எழுதி ஒட்டலாம்னுதான் இருந்தன். போய்ப் பேசுனா, கையக் காட்டுனாங்க. அவங்க காரணம் என் காரணத்த விடப் பெருசு மேடம். கடியாரத்த நகத்தறதுதான் சுலபம்னு நகத்திட்டன். ஒம்பதரைக்கு அவங்க வெப்பாங்க, இருபது நிமிசம் கூட வுட்டு ஒம்பது அம்பது. நேரத்த வெச்சது அவங்க, அதனால அவங்க பேரையே வெச்சுட்டன்."

ராதிகா சுவிட்சின் மேலிருந்த வெள்ளைத்தாளைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"நடுவுல சில நாளு இல்லியே?"

"ஞாயிறு இருக்காது. பொங்கல் இருக்காது. அப்பறம் போன நவம்பர்ல பதினோரு நாளு இருக்காது. அவங்க பொண்ணுக்குப் பிரசவம். நான் அங்கிருந்து வந்ததுக்கு அப்பறம் அது. அவங்க அணைச்சது அணைச்சபடியே கெடந்திருக்கும், வெக்கறதுக்கு யாருக்கும் தோணியிருக்காது." அவன் சிரித்தான். "மேடம், மணி அடிச்சுட்டாங்க. நேத்து ஃபைல ஏத்துங்க, பெட்டி தானா அணைஞ்சு எரியும், அஞ்சு நிமிசம் கை வெக்காதீங்க."

"ஜெயபால்..."

"சொல்லுங்க மேடம்."

"சாப்புட்டியா?" என்றாள்.

"சாப்புட்டன் மேடம்" என்றான். அழைப்பு முடிந்தது.

நேற்றைய கோப்பைப் புதுப் பெட்டியில் ஏற்றினாள். பெட்டி அணைந்தது. ஐந்து நிமிடம் மூன்று பேரும் அதன் முன்னால் நின்றார்கள், பிரசவ அறைக்கு வெளியே நிற்பதைப் போல. முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவது. பிறகு வரிசையாக எல்லாம்.

"வந்துருச்சு!" என்றாள் குள்ளம்மாள்.

முனிராஜ் டேப்லெட்டைத் தட்டினான். காத்திருந்தான். "சாவி சேந்துக்குச்சு மேடம். லைன் கெடைச்சுருச்சு." பிறகு முகம் மாறியது. "ஆனா சிகப்புதான் காட்டுது. கேள்வித்தாள் வர்ற எடத்துக்குப் போக வுட மாட்டேங்குது."

மணி மூன்று இருபது. வெளியே வெயில் மங்கிவிட்டது. மேற்கே வத்தல்மலைப் பக்கம் வானம் கருநீலமாகக் கூடிக்கொண்டிருந்தது.

"நேத்து வரைக்கும் எல்லாம் ஓடுச்சே! அதே ஃபைல்தான!" ராதிகா வரிகளை மேலும் கீழும் ஓட்டினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எது இல்லை என்றுதான் தெரியவில்லை.

தூரத்தில் முதல் உறுமல் கேட்டது. குள்ளம்மாள் கை தானாகச் சுவிட்சுப் பக்கம் போயிற்று, தாளைப் பார்த்து நின்றது.

"அக்கா, இன்னும் கொஞ்ச நேரம்."

"நான் தொடலீங்க." கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நேத்தும் இதே நேரம்தான். நீங்க பாவம், சோறு கூடத் திங்காம என்னமோ தட்டிக்கிட்டே இருந்தீங்க. நான்தான் டப்பாவ மூடி வெச்சன்."

ராதிகா திரும்பினாள். "எப்ப?"

"மத்தியானம். நேத்து. சாம்பார் சாதம்."

"மத்தியானம் என்ன தட்டுனன்?" என்று தன்னையே கேட்டவள், சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சார், உங்க ஆபீஸ்ல இருந்து நேத்துப் பன்னண்டு மணிக்கு ஒரு மெயில் வந்துச்சு. கேள்வித்தாள் சர்வர மாத்திட்டம், புது நம்பரச் சேத்துக்கோங்கன்னு. சேத்தன். பிரதி எடுத்தது ஒம்பது அம்பதுக்கு. நான் சேத்தது அதுக்கு அப்பறம்! அந்த ஒரு வரிதான் இல்ல."

மெயிலைத் திறந்தாள். ஒரே ஒரு வரி. பார்த்துப் பார்த்துத் தட்டினாள். முனிராஜ் ஒவ்வோர் எண்ணாக வாசித்துச் சரிபார்த்தான். சேமித்தாள்.

டேப்லெட்டின் நடுவில் சக்கரம் சுற்றியது. உறுமல் கிட்டே வந்தது. மூன்று நாற்பத்தாறுக்குத் திரை பச்சையானது.

"போட்டுட்டன்!" முனிராஜ் எழுந்தே விட்டான். "பச்சை போட்டாச்சு மேடம். போயிருச்சு. இனி யாரும் மாத்த முடியாது. நாளைக்குக் காலையில எட்டரைக்கு எல்லாத்தையும் ஆன் பண்ணுனாப் போதும்."

"இப்ப இதை அணைக்கலாங்களா சார்?"

"தாராளமா."

ராதிகா எழுந்து போய், அந்த வெள்ளைத்தாளைக் கிழித்தாள். ஒட்டு பலமாகப் போட்டிருந்ததால் இரண்டு மூன்று தடவை சுரண்ட வேண்டியிருந்தது. "குள்ளக்கா, புடுங்குங்க."

குள்ளம்மாள் காத்திருந்ததைப் போலப் பாய்ந்தாள். புதுப் பெட்டியின் மின் இணைப்பு, அதற்குள் போகும் கம்பிகள், அப்புறம் வரிசை வரிசையாகத் தொண்ணூறு கணினிகள், கடைசியாக மேசைக்கடியில் இருந்தது. அந்த வேகத்தைப் பார்த்து முனிராஜ் வாயைப் பிளந்தான். அவள் கடைசிப் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, ஜன்னல் வெளுத்து, கட்டடமே அதிர இடித்தது.

"இப்ப இடிச்சுக்கோ" என்றாள் வானத்தைப் பார்த்து.

மழை கொட்டியது. மூன்று பேரும் தாழ்வாரத்தில் நின்று டீ குடித்தார்கள். முனிராஜ் இரண்டாவது டம்ளரும் வாங்கிக்கொண்டு, "எங்க ஆபீஸ்ல பிரதி எடுக்கறதுக்குன்னே ஒரு தனி ஆளு, தனி ரூமு, ஏசி எல்லாம் இருக்குதுங்க" என்றான்.

"ஏசிய ராத்திரி அணைப்பாங்களா?" என்றாள் குள்ளம்மாள்.

"இல்லீங்க."

"சோறு எப்பிடித்தான் எறங்குதோ."

ராதிகா அவர்கள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே கைபேசியில் எழுதினாள். 'பச்சை போட்டாச்சு ஜெயபால். எண்பத்து நாலு பேரும் இங்கேயே எழுதுறாங்க. நீ செஞ்சதுக்கு அன்னிக்கும் நன்றி சொல்லல, இன்னிக்கு போன்லயும் சொல்ல வரல. நன்றிப்பா.' அனுப்பினாள். கொஞ்சம் யோசித்து, இன்னொன்றும் எழுதினாள். 'உனக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள்.'

மாலை ஆறரைக்குப் பதில் வந்தது. 'கரும்பு காஞ்சிருச்சு மேடம். பரவாயில்ல, வாங்கிக்கறன்.'

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. புங்கமரத்தடியில் குள்ளம்மாள் நாலு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். தேவிப்பிரியா முதல் ஆளாக வந்துவிட்டாள். கூடவே மாமியார், மாமியார் தோளில் ஒரு துணித் தூளியும் அதற்குள் குழந்தையும்.

"மேடம், நேத்துப் பேசுனது நான்தாங்க. சென்டர் மாறிடுமோன்னு ராத்திரியெல்லாம் போனையே பாத்துட்டு இருந்தன். மெசேஜ் ஒண்ணும் வரல."

"வராதுன்னு சொன்னன்ல?"

"சொன்னீங்க. உங்க வார்த்தய நம்பித்தான் கெளம்புனன். ரொம்ப நன்றிங்க மேடம்."

"எனக்கு இல்லம்மா. அதோ அங்க நாற்காலிய இழுத்துட்டு இருக்காங்க பாரு, அவங்களுக்குச் சொல்லு."

தேவிப்பிரியா ஒன்றும் புரியாமல், ஆனால் மறுக்காமல், மரத்தடிக்குப் போய்க் குள்ளம்மாளிடம் நன்றி சொன்னாள். நாற்காலி போட்டதற்காக என்று நினைத்துக்கொண்ட குள்ளம்மாள், "இதுக்கெல்லாம் என்னா கண்ணு. உள்ள போ. கொழந்தைய நானும் பாத்துக்கறன்" என்றாள்.

எண்பத்து நான்கு பேரில் எண்பத்தொருவர் வந்து உட்கார்ந்தார்கள். பத்து மணிக்குத் தொடக்கம். முனிராஜ் கடைசி வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். ராதிகா மேசைக்கடியில் இருந்த பழைய கணினியின் திரையைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். குள்ளக்கா என்ற போல்டரில், வெள்ளிக்கிழமைக்குக் கீழே காலி இடம்.

மணி ஒன்பது ஐம்பது. ஒரு வினாடி, இரண்டு வினாடி. புது வரி ஒன்று வந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தேதி. நேற்று சேர்த்த அந்த ஒரு வரியும் அதற்குள் இருந்தது.

ராதிகா வாசலுக்குப் போய்க் கையசைத்துக் கூப்பிட்டாள். குள்ளம்மாள் இடுப்பில் குழந்தையோடு வந்தாள்.

"பாருங்க அக்கா. ரெண்டு வருசத்துல ஞாயித்துக்கெழமைக்குன்னு ஒண்ணு இப்பத்தான் மொதல்ல."

குள்ளம்மாள் திரையை எட்டிப் பார்த்தாள். தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று ராதிகா விரலால் தொட்டுக் காட்டியதும், அந்த எழுத்துகளைத் தானும் ஒரு முறை தொட்டுப் பார்த்தாள்.

"அந்தப் பய ஒரு வார்த்த சொல்லல பாருங்க" என்றாள். "வேலைய வுட்டுப் போனதுல இருந்து மாசாமாசம் பேசறான். சோறு தின்னீங்களா, பேரன் தவழறானான்னுதான் கேப்பான். கூடவே, காலையில சுச்சுப் போட்டீங்களாக்கான்னும் கேப்பான். நான் போடாம என்னாடான்னு திட்டுவன்."

உள்ளே மணி அடித்தது. எண்பத்தொரு விசைப்பலகைகள் ஒரே நேரத்தில் சடசடக்கத் தொடங்கின. குழந்தை அந்தச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பியது.

"வாங்க சாமி, நாம வெளிய போலாம்" என்று அதைத் தோளில் சாய்த்துக்கொண்டாள் குள்ளம்மாள். வாசலில் நின்று திரும்பினாள். "மேடம், சாயங்காலம் எல்லாரும் போனதும் அணைச்சுரட்டுங்களா?"

"அணைச்சுருங்க அக்கா" என்றாள் ராதிகா.